சீனாவோட இணையச் சுவர்: எப்படி அடைக்கிறாங்க, எப்படி ஏறிக் குதிக்கிறாங்க

சீனாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போற நம்ம ஊர் பசங்களுக்கு சீனியர்ஸ் தவறாம சொல்ற ஒரு அட்வைஸ் உண்டு, ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே விபிஎன் போட்டுக்கோ, ஒண்ணு போதாது ரெண்டு மூணா போட்டுக்கோ, அங்க இறங்கினப்புறம் டவுன்லோடு பண்றது பெரிய பாடுன்னு. ஏன்னா அங்க கூகுள் ப்ளே ஸ்டோர் கிடையாது, வாட்ஸப் போகாது, ஜிமெயில் திறக்காது, அம்மா அனுப்புற குட்மார்னிங் மெசேஜ்கூட வந்து சேராது. இது எப்படி நடக்குது, ஒரு நாடு மொத்தத்துக்கும் இன்டர்நெட்ட எப்படி வடிகட்ட முடியுது, அதையும் மீறி அங்க உள்ள ஜனங்க எப்படி வெளிய வர்றாங்கன்னு டெக்னிக்கல் பின்னணி எதுவும் இல்லாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன்.

முதல்ல ஒரு வேடிக்கை. சீனாவுல இருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் ஈமெயில் 1987 செப்டம்பர்ல, ஜெர்மனியில இருக்கற கார்ல்ஸ்ரூ யுனிவர்சிட்டிக்கு. அதுல எழுதியிருந்தது, பெருஞ்சுவரத் தாண்டி உலகத்தோட எந்த மூலைக்கும் எங்களால போக முடியும்ங்கற அர்த்தத்துல ஒரு வரி. அதுக்கப்புறம் அதே ஊர்ல இணையத்துக்குன்னே தனியா ஒரு சுவர் எழும்பிச்சு. 2009-ல யூடியூப், ஃபேஸ்புக், ட்விட்டர் மூணும் போச்சு, 2010-ல கூகுள் தன்னோட சர்ச்ச மெயின்லேண்ட் சீனாவுல இருந்து எடுத்துட்டு ஹாங்காங் பக்கம் ஒதுங்கிச்சு, 2014 கடைசியில ஜிமெயில் சுத்தமா நின்னுச்சு, 2017-ல வாட்ஸப், 2019-ல விக்கிப்பீடியா எல்லா மொழியிலயும், 2021-ல சிக்னல், கிளப்ஹவுஸ் ஆப்களும். இப்படி ஒவ்வொண்ணா.

சரி, நீங்க பிரவுசர்ல ஒரு சைட் பேர அடிச்சு என்டர் தட்டினா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் எங்க எங்க கை வைக்க முடியும்னு புரியும். முதல்ல உங்க போன் ஒரு டிஎன்எஸ் சர்வர்கிட்ட, இந்தப் பேருக்கு என்ன நம்பர்னு கேக்கும், அந்த நம்பர்தான் ஐபி அட்ரஸ். பதில் வந்ததும் அந்த நம்பருக்கு கனெக்‌ஷன் போடும். அப்புறம் ரெண்டு பக்கமும் பேசி ஒரு ரகசியச் சாவி முடிவு பண்ணிக்கும், அதுக்கப்புறம்தான் உண்மையான பக்கம் வரும். சீனாவுல இருந்து வெளிய போற ட்ராஃபிக் எல்லாம் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோன்னு கைவிரல் விட்டு எண்ணக்கூடிய வாசல்கள் வழியாத்தான் போகணும், அந்த வாசல்ல உக்காந்திருக்கற மிஷின் இந்த ஒவ்வொரு படியையும் பாக்குது. அதுக்கு எது கண்ணுல படுதோ அத வெச்சுத்தான் அடைக்கும், ஜனங்க பண்றதெல்லாம் அதோட கண்ணுல இருந்து ஒவ்வொண்ணா மறைக்கறதுதான். இந்தக் கட்டுரையில இத ஒண்ணப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்சம் எல்லாம் தானா வரும்.

ரொம்ப சீப்பான வழி அந்த முதல் படியிலயே பொய் சொல்றது. நீங்க ஃபேஸ்புக்கோட நம்பர் என்னன்னு கேக்கறீங்க, வாசல்ல இருக்கற மிஷின் அந்தக் கேள்விய ஒட்டுக்கேட்டு, உண்மையான பதில் வந்து சேர்றதுக்குள்ள ஒரு தப்பான நம்பர அனுப்பிடும். முதல்ல எது வருதோ அத உங்க போன் நம்பிடும், பின்னாடியே சரியான பதில் வந்தாலும் அது குப்பைக்குத்தான். இங்க ஒண்ணு கவனிக்கணும், பல நாடுகள்ல இந்தப் பொய்ய சொல்றது லோக்கல் இன்டர்நெட் கம்பெனியோட டிஎன்எஸ் சர்வர் மட்டும்தான், அதனால சர்வர மாத்தினா போதும், தப்பிச்சுடலாம். 2014-ல துருக்கி அரசு ட்விட்டர அடைச்சப்போ கூகுளோட டிஎன்எஸ் நம்பரான 8.8.8.8-ஐ ஜனங்க இஸ்தான்புல் சுவர்கள்ல ஸ்ப்ரே பெயிண்ட்ல எழுதி வெச்சாங்க, அந்த நம்பர செட்டிங்ஸ்ல போட்டா ட்விட்டர் வந்துடும். சீனாவுல அது செல்லாது, ஏன்னா கேள்வி கூகுளுக்குப் போனாலும் அந்த வாசலத் தாண்டித்தானே போகணும், வழியிலேயே பொய்ப் பதில் கிளம்பிடும்.

இந்தப் பொய் சொல்ற மிஷினுக்கு ஒருதரம் கிறுக்குப் பிடிச்ச கதையும் உண்டு. 2014 ஜனவரியில ஒரு நாள் சீனாவுல பாதிப் பேருக்கு எந்த சைட்டுமே திறக்கல, எதக் கேட்டாலும் எல்லாரையும் அமெரிக்காவுல இருக்கற ஒரே ஒரு ஐபி அட்ரஸுக்கு அனுப்பிட்டு இருந்துச்சு. அந்த அட்ரஸ் யாரோடதுன்னு பாத்தா, இந்தச் சுவரத் தாண்டறதுக்காகவே ஃப்ரீகேட்னு ஒரு சாஃப்ட்வேர் தயாரிக்கிற கம்பெனியோடது. அந்த அட்ரஸ அடைக்கப்போய் யாரோ மாத்திப் போட்டுட்டாங்க போலன்னுதான் வெளியில இருந்து ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க.

ரெண்டாவது வழி, ஐபி நம்பரையே அடைக்கறது. அந்த நம்பருக்குப் போற எதுவும் போகாது, அவ்வளவுதான், முரட்டு வழி. மூணாவது கொஞ்சம் சூட்சுமமானது, உள்ள போற வர்ற எழுத்துக்கள்ல குறிப்பிட்ட வார்த்தை இருந்தா ரெண்டு பக்கத்துக்கும், எதிராளி கனெக்‌ஷன கட் பண்ணிட்டாருன்னு பொய்யா ஒரு பாக்கெட், அதாவது சின்ன டேட்டா துண்டு, அனுப்பறது. நீங்க பாக்கறது என்னன்னா ஒரு நொடி லோடு ஆகற மாதிரி இருந்துட்டு கனெக்‌ஷன் ரீசெட்னு வரும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அந்த சைட்ல வேற எந்தப் பக்கமும் திறக்காது. 2006-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, அந்தப் பொய்யான கட் மெசேஜ ரெண்டு பக்கமும் கண்டுக்காம விட்டா பக்கம் ஒழுங்கா வந்து சேருது. அதாவது அந்த மிஷின் எதையும் பிடிச்சு நிறுத்தல, ஓரமா நின்னு பாத்துட்டு பொய் சொல்லுது, அவ்வளவுதான். கேக்க நல்லா இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் மாத்தணுமே, ஊர்ல இருக்கற எல்லா வெப்சைட்டும் இதுக்காக செட்டிங்ஸ் மாத்துமா என்ன.

வார்த்தையத் தேடற இந்த வேலைக்கு எமனா வந்தது எச்டிடிபிஎஸ், அதாவது பிரவுசர்ல பூட்டு மாதிரி ஒரு படம் வருமே, அதேதான். அது வந்தப்புறம் உள்ள என்ன எழுதியிருக்குன்னு வழியில நிக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா கவர ஒட்டினாலும் மேல விலாசம் எழுதித்தானே ஆகணும், கனெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது எந்த சைட்டுக்குப் போறோம்ங்கற பேரு மட்டும் மறைக்கப்படாம வெளிப்படையாப் போகும். இப்போ அதத்தான் படிச்சு அடைக்கிறாங்க. அந்தப் பேரையும் மறைக்கலாம்னு ஒரு டெக்னிக் வந்துச்சு, 2020-ல சீனா என்ன பண்ணுச்சு தெரியுமா, பேர மறைச்சுட்டு வர்ற கனெக்‌ஷன் எதுவா இருந்தாலும் மொத்தமா நிறுத்திடுச்சு. விலாசம் இல்லாத கவரா, தூக்கிப் போடு, உள்ள கல்யாணப் பத்திரிகையே இருந்தாலும் சரி.

ஆனா எல்லாத்தையும் இப்படித் தூக்கிப் போட முடியாது, அங்கதான் ஜனங்களுக்கு ஒரு சந்து கிடைக்குது. 2013 ஜனவரியில கிட்ஹப்ப அடைச்சாங்க, உலகத்துல இருக்கற ப்ரோக்ராமர் எல்லாம் தாங்க எழுதின ப்ரோக்ராம போட்டு வைக்கிற இடம் அது. எச்டிடிபிஎஸ்ல ஓடறதால அதுல ஒரு பக்கத்த மட்டும் அடைக்க முடியாது, அடைச்சா மொத்தமும் போகும். சீனாவோட சாஃப்ட்வேர் ஆளுங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க, கூகுள் சீனாவோட முன்னாள் தலைவர் கை-ஃபூ லீ, அங்க ட்விட்டர் மாதிரி இருக்கற வெய்போவுல வெளிப்படையாவே எழுதினார், சில நாள்லயே திறந்து விட்டாங்க. அப்புறம் நிறைய பேர் தடை பண்ண விஷயங்களைக் கொண்டுபோய் கிட்ஹப்லயே வெக்க ஆரம்பிச்சாங்க, அத அடைச்சா சீனாவோட சாஃப்ட்வேர் பொழப்பே கெடுமேங்கற தைரியத்துல. ரஷ்யா இந்தக் கணக்கப் போடாம 2018-ல டெலிகிராம அடைக்கப் போய் அமேசான், கூகுள் சர்வர்னு கோடிக்கும் மேல ஐபி அட்ரஸ்கள அடைச்சு, சம்பந்தமே இல்லாத கடை, பேங்க் சைட் எல்லாம் படுத்துச்சு, டெலிகிராம் மட்டும் ஜோரா ஓடிட்டு இருந்துச்சு, 2020-ல தடைய அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க.

இப்போ விபிஎன். ரொம்ப சிம்பிளா சொன்னா, உங்க போனுக்கும் வெளிநாட்டுல இருக்கற ஒரு சர்வருக்கும் நடுவுல மறைவான ஒரு குழாய் போடறது. வாசல்ல நிக்கற மிஷினுக்கு நீங்க ஏதோ ஒரு சர்வர்கூட பேசறது மட்டும்தான் தெரியும், அந்த சர்வர் உங்களுக்காக யூடியூப்புக்குப் போய் எடுத்துட்டு வந்து கொடுக்கறது தெரியாது. சீனாவுல பேச்சுவழக்குல இத ஏணின்னுதான் சொல்றாங்க. ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன், விபிஎன் போட்டா நம்மள யாருமே பாக்க முடியாதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு, உங்க இன்டர்நெட் கம்பெனி பாத்துட்டு இருந்தத இப்போ விபிஎன் கம்பெனி பாக்கும், ஆள்தான் மாறுது. ஓசியில கிடைக்கற பேர் தெரியாத விபிஎன்ன போடறவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

பழைய விபிஎன் முறைகள்ல சிக்கல் என்னன்னா, உள்ள இருக்கறது தெரியாட்டியும் வெளித்தோற்றம் தெரியும். ஓபன்விபிஎன் கனெக்‌ஷன் ஆரம்பிக்கற விதமே தனி, பாத்த உடனே இது விபிஎன்னு மிஷின் கண்டுபிடிச்சிடும். சந்தேகம் வந்தா இன்னொண்ணும் பண்ணுவாங்க, இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், நீங்க பேசிட்டு இருக்கற சர்வருக்கு அவங்களே ஒரு யூசர் மாதிரி கனெக்‌ஷன் போட்டுப் பாப்பாங்க. அது விபிஎன் மாதிரியோ டோர் (யாருன்னு தெரியாம பல சர்வர் வழியா சுத்திப் போக உதவற நெட்வொர்க்) மாதிரியோ பதில் சொல்லிச்சுன்னா முடிஞ்சுது, அந்த ஐபி பிளாக் லிஸ்ட்ல போயிடும். 2011 வாக்குல இருந்தே டோர் சர்வர்களை இப்படித்தான் பிடிச்சாங்க.

அதுக்கு எதிரா சீனாவுல இருந்தே ஒரு ப்ரோக்ராமர் 2012-ல ஷேடோசாக்ஸ்னு ஒண்ண எழுதினார், பேர் வெளிய தெரியாத ஆளு. அதோட ஐடியா என்னன்னா எந்தத் தோற்றமுமே இல்லாம இருக்கறது, முதல் பைட்ல இருந்து கடைசி பைட் வரைக்கும் அர்த்தமே இல்லாத குப்பை மாதிரி தெரியும். 2015 ஆகஸ்ட்ல போலீஸ் வந்து நிறுத்தச் சொல்லுச்சுன்னு எழுதிட்டு ப்ரோக்ராம் கோடு எல்லாத்தையும் எடுத்துட்டார், ஆனா அதுக்குள்ள ஆயிரம் பேர் காப்பி எடுத்து வெச்சாச்சு, அது நிக்கல.

பல வருஷம் ஓடிச்சு. 2021 நவம்பர்ல திடீர்னு இந்த மாதிரி கனெக்‌ஷன்லாம் கட் ஆக ஆரம்பிச்சுது, எதப் பாத்துக் கண்டுபிடிக்கறாங்கன்னு யாருக்கும் புரியல, ஏன்னா பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லயே. 2023-ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை விஷயத்தப் போட்டு உடைச்சுது. கம்ப்யூட்டர்ல ஒரு பைட்டுன்னா 8 பிட், ஒவ்வொண்ணும் 0 இல்ல 1. நல்லா என்கிரிப்ட் பண்ண, அதாவது ரகசியச் சாவி போட்டுப் பூட்டின டேட்டாவுல 0-வும் 1-ம் கிட்டத்தட்ட சரிபாதி வரும், அதாவது ஒரு பைட்டுக்கு சராசரி நாலு ஒண்ணு. சாதாரண எழுத்துல அப்படி வராது, அதுக்கு ஒரு சாய்வு இருக்கும். மிஷின் முதல் பாக்கெட்ல இருக்கற 1-ஐ எல்லாம் எண்ணி சராசரி 3.4-க்கும் 4.6-க்கும் நடுவுல இருந்தா அடைச்சிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான் சூத்திரம். வழக்கமான எச்டிடிபிஎஸ் மாதிரி ஆரம்பிச்சா விட்டுடும், முதல் ஆறு பைட் நம்ம கீபோர்டுல அடிக்கற மாதிரி எழுத்தா இருந்தா விட்டுடும், பாதிக்கு மேல எழுத்தா இருந்தாலும் விட்டுடும். மிச்சத்துலயும் எல்லாத்தையும் அடைக்கல, ஆளுங்க விபிஎன் வெக்க வாடகைக்கு எடுக்கற டேட்டா சென்டர் பக்கம் போறத மட்டும், அதுலயும் கால்வாசி கனெக்‌ஷன மட்டும். ஏன்னா தப்பா வேற எதையாவது அடைச்சா வியாபாரம் கெடும். இது என்ன ஜாலின்னா தீர்வும் அவ்வளவு சிம்பிள், முதல் ஆறு பைட்ட சாதாரண எழுத்தா மாத்திட்டா போயிடுச்சு. ஒண்ணுமே தெரியாம இருக்கறதே சந்தேகம்னு ஆனதால அடுத்து வந்ததெல்லாம் எதிர்ப்பக்கம் போச்சு, ட்ரோஜன் மாதிரி புதுசுகள் எல்லாம் சாதாரண எச்டிடிபிஎஸ் வெப்சைட் மாதிரியே வேஷம் போடும், அவங்க வந்து கனெக்‌ஷன் போட்டுப் பாத்தா ஏதோ ஒரு சாதா வெப்சைட் திறக்கும்.

டோர்காரங்க பண்ண ஸ்னோஃப்ளேக் இன்னொரு மாதிரி, வெளிநாட்டுல இருக்கற யாரோ ஒருத்தர் தன் பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு வெச்சா, அவரு கம்ப்யூட்டர் வழியா உள்ள இருக்கறவங்க வெளிய வரலாம், ஐபி மாறிக்கிட்டே இருக்கறதால லிஸ்ட் போட்டு அடைக்கறது கஷ்டம். நீங்ககூட போட்டு வெக்கலாம்.

இந்தச் சுவருக்குத் தந்தைன்னு சொல்லப்படற ஃபாங் பின்ஷிங்னு ஒரு பேராசிரியர் இருக்கார், 2011-ல வூஹான் யுனிவர்சிட்டியில ஒரு ஸ்டூடண்ட் அவர் மேல ஷூவ வீசினான். 2016-ல ஹார்பின்ல ஒரு லெக்சர்ல தென்கொரியாவோட ஏதோ ஒரு பக்கத்தக் காட்டப் போனா திறக்கல, அடைச்சிருக்கு, மனுஷன் எல்லார் முன்னாடியும் விபிஎன்ன ஆன் பண்ணார், அதுவும் நடுவுல கட் ஆச்சு. இதே மாதிரி நம்ம பக்கத்துலயும் ஒண்ணு, 2022 ஏப்ரல் 3 இலங்கையில போராட்டம் சூடு பிடிச்சப்போ ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாத்தையும் ஒரு நாள் அடைச்சாங்க, அப்போ அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே ட்விட்டர்ல வந்து, நான் இப்போ பண்ற மாதிரி விபிஎன் இருக்கும்போது இந்த மாதிரி தடையெல்லாம் வீண்னு எழுதினார். சித்தப்பா ஜனாதிபதி, அப்பா பிரதமர், பையன் விபிஎன்ல.

சீனாவுல சட்டம் என்ன சொல்லுதுன்னா அரசு அனுமதி இல்லாத விபிஎன் தப்பு. ஆனா வேலைக்காக, படிப்புக்காகப் போடற சாதாரண ஆளுங்கள பெரும்பாலும் கண்டுக்க மாட்டாங்க, விக்கறவங்கள விடமாட்டாங்க. 2017-ல ஆப்பிள் தன்னோட சீன ஆப் ஸ்டோர்ல இருந்து அனுமதி இல்லாத விபிஎன் ஆப் எல்லாத்தையும் தூக்கிடுச்சு, அதே வருஷ டிசம்பர்ல குவாங்ஷியில விபிஎன் வித்த ஒருத்தருக்கு ஐந்தரை வருஷம் ஜெயில், 5 லட்சம் யுவான் அபராதம். கண்டுக்க மாட்டாங்கன்னு சொன்னேனே, அதுவும் எப்பவும் இல்ல, செங்டேங்கற ஊர்ல ஒரு ப்ரோக்ராமர் விபிஎன் போட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்தாருன்னு சம்பாதிச்ச 10 லட்சத்துக்கும் மேல யுவானப் பறிமுதல் பண்ணாங்க, 2023-ல அந்த நோட்டீஸ் வெளிய வந்து பெரிய பேச்சாச்சு.

இதுவரைக்கும் சொன்னது வெளிய போற வழி. உள்ளுக்குள்ள வீசாட் (அங்க வாட்ஸப் மாதிரி), வெய்போ இதுல எழுதறத அடைக்க சுவரே தேவையில்ல, கம்பெனியே ஆள் வெச்சு அழிக்கணும், அழிக்கலன்னா லைசென்ஸ் போயிடும். அங்க ஜனங்களோட ஆயுதம் மொழி. சீன மொழியில ஒரே ஓசைக்கு ஏகப்பட்ட எழுத்து உண்டு, அத வெச்சு விளையாடுவாங்க. 2018-ல மீடூ ஹேஷ்டேக்க அழிச்சப்போ அரிசி, முயல்னு ரெண்டு எழுத்து போட்டாங்க, வாய்விட்டுப் படிச்சா மி து. அப்புறம் அத எழுத்தாக்கூட போடல, ஒரு சோத்துக் கிண்ணம் எமோஜி, ஒரு முயல் எமோஜி, அவ்வளவுதான். 1989-ல தியானன்மென் சதுக்கப் போராட்டத்த ராணுவம் நசுக்கின ஜூன் 4-ஐ எழுத முடியாதுன்னு மே 35-ன்னு எழுதினாங்க, அதையும் பிடிச்சாச்சு.

இதுல உச்சம்னா 2020 மார்ச். வூஹான் சென்ட்ரல் ஹாஸ்பிடல் எமர்ஜென்சி டாக்டர் ஆய் ஃபென், புது வைரஸப் பத்தி முதல்ல ரிப்போர்ட்ட பகிர்ந்ததுக்குத் தன்ன எப்படித் திட்டினாங்கன்னு ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தாங்க, வந்த கொஞ்ச நேரத்துல அழிச்சாச்சு. ஜனங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு. அதே கட்டுரைய தலைகீழா கடைசி எழுத்துல இருந்து ஆரம்பிச்சு எழுதினாங்க, அழிச்சாங்க. எமோஜியா மாத்தினாங்க, அழிச்சாங்க. மோர்ஸ் கோடு, பிரெய்லி, பார்கோடு, பழங்கால எலும்பு எழுத்து, என்னென்னமோ வடிவத்துல வந்துட்டே இருந்துச்சு. மிஷினுக்கு வார்த்தைதான் தெரியும், மனுஷனுக்கு அது அந்தக் கட்டுரைன்னு தெரியும். 2022 நவம்பர்ல உரும்ச்சியில அபார்ட்மென்ட் தீ விபத்துல 10 பேர் செத்தப்போ போராட வந்தவங்க ஒண்ணுமே எழுதாத வெள்ளைத்தாளத் தூக்கிப் பிடிச்சாங்க, அதுல தேட வார்த்தையே கிடையாது. வீடியோவ எல்லாம் விபிஎன் போட்டு இத்தாலியில இருந்த ஒரு சீன ஓவியருக்கு அனுப்ப, அவர் ட்விட்டர்ல போட்டுக்கிட்டே இருந்தார், உள்ள இருக்கறவங்க மறுபடி விபிஎன் போட்டு தங்க தெருவுல என்ன நடக்குதுன்னு அவர் பக்கத்துல பாத்தாங்க.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் எல்லாரும் தாண்டறதில்லன்னு கேக்கலாம். பெய்ஜிங்ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் காலேஜ் பசங்களுக்கு 18 மாசம் ஃப்ரீயா சுவர் தாண்டற டூல் கொடுத்துப் பாத்தாங்க. பாதிப் பேருக்குக் கிட்ட அத ஆன்கூட பண்ணல, பண்ணவங்கள்லயும் ரொம்பக் கம்மி பேர்தான் வெளிநாட்டு நியூஸப் பாத்தாங்க. ஆனா கொஞ்ச நாள், இதப் படிச்சா பரிசுன்னு தூண்டி விட்டா, அப்புறம் தூண்டல நிறுத்தினாலும் அவங்க படிக்கறத விடல. என்னைக் கேட்டா இந்தச் சுவரோட வேலையே இதுதான், அதுக்கு ஓட்டை இருந்தா பரவாயில்ல, தாண்டறது பத்து நிமிஷ எரிச்சலா இருந்தாப் போதும், வெய்போவும் சீன டிக்டாக்கான டௌயினும் கையிலேயே இருக்கும்போது நூத்துக்கு எம்பது பேர் அந்தப் பத்து நிமிஷத்த செலவு பண்ண மாட்டாங்க.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, மொத்தமா ஸ்விட்ச்ச அணைச்சுடறது. அப்போ விபிஎன்னும் இல்ல ஏணியும் இல்ல, மறைக்கறதுக்கு கனெக்‌ஷனே கிடையாதே. 2009 ஜூலை உரும்ச்சி கலவரத்துக்கு அப்புறம் ஷின்ஜியாங் மாகாணத்துக்கே பத்து மாசம் இன்டர்நெட்ட நிறுத்தினாங்க, வியாபாரம் பண்றவங்க ரயில் ஏறி பக்கத்து மாகாணமான கான்சுவுல லியூயுவான்ங்கற சின்ன ஊருக்குப் போய் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஈமெயில் பாத்துட்டு வந்தாங்க. நம்ம நாட்டுலயும் 2019 ஆகஸ்ட்ல இருந்து காஷ்மீர் பள்ளத்தாக்குல இதேதான் நடந்துச்சு, வேலைக்கும் பரீட்சைக்கும் அப்ளிகேஷன் போட வேண்டிய பசங்க காலையில ரயிலப் பிடிச்சு பள்ளத்தாக்குக்கு வெளிய இருக்கற பனிஹாலுக்குப் போவாங்க, அந்த ரயிலுக்கு இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்னே பேர் விழுந்துச்சு, அங்க சென்டர்ல ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபா வரைக்கும் வாங்கினாங்க.